பழகும் மூளையும் பழகாத நெருப்பும்

சிவகாசி நகரை ஒட்டியிருக்கும் ஊர் விஸ்வநத்தம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய தொழில்களின் ஏற்றமும் இறக்கமுமே அவ்வட்டார மக்களின் ஏற்றமும் இறக்கமுமாகும். தீபாவளிக்குச் சில மாதங்கள் முன்னதாக நண்பர் ஒருவரைக் காண அங்குச் சென்றிருந்தோம். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்த வேளையில், எங்கோ ஒரு பொட்டலில் வெடியொன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். நாம் திடுக்கிட்டுத் தோள்களைக் குறுக்கினோம். எதிரே நின்ற வேம்பிலிருந்து காக்கைகள் கலைந்து பறந்தன. நண்பரின் தந்தையார் கையிலிருந்த தேநீரோ சற்றும் அலம்பவில்லை. நாற்பதாண்டுக் காலம் பட்டாசுத் தொழிலில் உழைத்து ஓய்ந்த அம்முதியவர் நம்மைப் பார்த்துச் சிரித்தபடி, "எங்களுக்கு எல்லாம் பழகிப்போச்சு பாய்" என்றார்.

அடுத்தடுத்துச் சில வெடிகள் முழங்கின. நான்காம் வெடிக்கு நம் தோள்களும் குறுகவில்லை. காக்கைகளும் ஒவ்வொன்றாகக் கிளைக்குத் திரும்பியிருந்தன. முதியவர் நாற்பது ஆண்டுகளில் பெற்ற அந்தப் பழக்கத்தின் முதற்பாடத்தை நாமும் காக்கைகளும் அரை மணி நேரத்தில் கற்றுவிட்டோம் போலும்!

"பழகிப்போச்சு" என்னும் அவ்வொரு சொல் நம் சிந்தையை விட்டு அகலவில்லை. உயிரினங்கள் தாம் வாழும் சூழலோடு இசைந்து போவதற்கு இறைவன் அருளிய கருவிகளுள் தலையாயது மூளை. அவ்விசைவின் அன்றாடப் பெயரே பழக்கம். எனினும், பழக்கம் எல்லா இடத்தும் காவலாக நிற்குமா? வெடிமருந்தின் நடுவே வாழ்வோருக்கு அது துணையா, பகையா? இவ்வினாவோடு மூளையைப் பற்றிய அறிவின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பஸராவும் ஹமதானும்

விலங்குகளும் அவற்றின் சூழலும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை விரிவாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் பஸரா நகரத்து அல்-ஜாஹிழ். ஹிஜ்ரி 255இல், அதாவது கி.பி. 868-869இல் மறைந்த இப்பேரறிஞரின் 'கிதாபுல் ஹயவான்' ஏழு பாகங்களால் ஆனது. எலி தன் இரையைத் தேடிப் புறப்படுவதையும், தன்னை இரையாக்க வரும் பாம்புக்கும் பறவைக்கும் தப்பப் பார்ப்பதையும் அவர் கூர்ந்து விவரிக்கிறார். வாழும் நிலமும் உண்ணும் உணவும் உயிர்களின் இயல்பில் மாற்றம் விளைவிக்கும் என்பதும் அவர் கருத்து. பிழைத்திருப்பது உடல் வலிமையால் மட்டுமன்று, அறிதலாலும்தான் என்பது அவருடைய எழுத்துகளில் ஊடாடி நிற்கும் உண்மை.

அவ்வறிதல் எங்கே நிகழ்கிறது? இதற்கு ஒழுங்கமைந்த விடையொன்றைத் தர முயன்றவர் இப்னு சீனா (980-1037). 'அஷ்ஷிஃபா'வின் உயிரியல்பு பற்றிய பகுதியில் அவர் அகப்புலன்களை வகைப்படுத்தி, அவற்றுக்கு மூளையின் உட்குழிகளில் இடங்களைக் குறித்தார். புறப்புலன்கள் கொணரும் செய்திகள் ஒன்றுகூடுவது முன்குழியில். அவற்றை இணைத்தும் பிரித்தும் பார்ப்பது நடுக்குழியில். நினைவில் வைப்பது பின்குழியில். இவற்றோடு 'வஹ்மு' என்னும் ஆற்றல் ஒன்றையும் அவர் கூறினார். ஓநாயைக் காணும் ஆடு அதன் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் காண்பதில்லை. கண்ணுக்குப் புலனாகாத அதன் பகைமையையும் உணர்ந்து ஓடுகிறது. அவ்வாறு உணர்த்துவதே வஹ்மு.

ஈண்டு நாம் சிறப்பாகக் கருத வேண்டியது அவர் காட்டும் மற்றொரு சான்று. ஆட்டின் அச்சம் பிறப்போடு வந்தது. கல்லையும் கழியையும் கண்டு அஞ்சும் நாயின் அச்சமோ அடிபட்ட அனுபவத்தால் வந்தது. அச்சத்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டென்பதை இவ்வாறு தெளிவாக்கினார் இப்னு சீனா. ருஷ்ய நாட்டு பாவ்லோவ் நாய்களைக் கொண்டு, அனுபவத்தால் உண்டாகும் அனிச்சைச் செயல்களை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியது இதற்குச் சுமார் 900 ஆண்டுகள் பிற்பட்டதாகும்.

இப்னு சீனாவின் காலத்தவரான இப்னுல் ஹைஸம் தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பேரேட்டில் இன்னொரு நுட்பத்தைக் கூறினார். நாம் ஒரு பொருளைக் கண்டவுடன் அறிந்துகொள்வதாக எண்ணுகிறோம். உண்மையில் அங்கே ஒப்பிடுதலும் முடிவு செய்தலும் நிகழ்கின்றன. பலமுறை பழகியதால் அவை மிக விரைந்து நிகழ்ந்துவிடுகின்றன. ஆதலின் நமக்கே தெரிவதில்லை. பழக்கம் வேலையை எளிதாக்குகிறது. அதே வேளையில் வேலை நடப்பதையே நம்மிடமிருந்து மறைத்தும் விடுகிறது. இக்கருத்தை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

மூளையின் ஆற்றல்கள் அதன் உட்குழிகளில் உறைகின்றன என்னும் பழங்கொள்கை பின்னாளில் கைவிடப்பட்டது. சிந்தனைக்கும் நினைவுக்கும் நிலைக்களன் குழிகளைச் சூழ்ந்திருக்கும் நரம்புத் திசுவே என்று இன்று அறிகிறோம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. உடல் எடையில் 50இல் ஒரு பங்கேயான இவ்வுறுப்பு, உடல் ஓய்ந்திருக்கையில் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. இடம் பற்றிய கொள்கை வீழ்ந்தது. அச்சத்தையும் பழக்கத்தையும் பற்றி அப்பெரியோர் கண்டவை நிலைத்தன.

கடல் முயல் கற்பித்த பாடம்

பழக்கம் என்பது நரம்பணுவில் எவ்வாறு பதிகிறது? அமெரிக்க அறிஞர் எரிக் காண்டெல் இதனை ஆராய 'கடல் முயல்' எனப்படும் பெரிய கடல் நத்தையைத் தேர்ந்தார். அதன் நரம்பணுக்கள் சுமார் 20,000 மட்டுமே. அவற்றுட் பல வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை.

அதன் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் அது செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். மீண்டும் மீண்டும் தொட்டால் இழுப்பு குறைந்துகொண்டே வரும். தொடுதலை உணரும் நரம்பணு, அடுத்த நரம்பணுவை நோக்கிச் சுரக்கும் வேதிப்பொருளின் அளவு குறைவதே அதற்குக் காரணம். மாறாக, வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டுப் பின்னர் மெல்லத் தொட்டாலும் அது முன்னினும் வலுவாகச் செவுளை இழுக்கும். இப்போது சுரப்பு மிகுகிறது. இவ்வாய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு காண்டெலுக்கும் வேறிருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆகவே, 'பொருட்படுத்தாதே' என்பதும் 'எச்சரிக்கையாயிரு' என்பதும் ஒரே நரம்பு இணைப்பில் எழுதப்படும் இரு பாடங்கள். எதை எழுதுவது என்பதைத் தீர்மானிப்பது அனுபவம். தீங்கின்றித் திரும்பத் திரும்ப வருவதை மூளை புறக்கணிக்கக் கற்கிறது. இது குறையன்று, பேரருள். சாலையோரத்தில் வாழ்பவர் ஒவ்வொரு வண்டியின் ஓசைக்கும் துள்ளிக்கொண்டிருந்தால் அவரால் உண்ணவும் உறங்கவும் இயலுமா?

மதுரைக் குகை வௌவால்கள்

சூழலோடு மூளை இசைவதற்கு உலகறிந்த சான்றொன்று விஸ்வநத்தத்துக்கு அணித்தான மதுரையிலேயே உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம்.கே. சந்திரசேகரன் உயிரியல் கடிகார ஆய்வில் இந்தியாவின் முன்னோடியாவார். அவரும் அவருடைய மாணவர்களும் குகைவாழ் வௌவால்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர்.

பகலொளி எட்டாத குகையின் ஆழத்தில் தொங்கும் வௌவாலுக்கு அந்தி சாய்ந்தது எப்படித் தெரியும்? கூண்டிலிட்டுக் குகையினுள் வைக்கப்பட்ட வௌவால், தன் இனத்தார் மாலையில் வெளியேறி விடியலில் திரும்பும் நேரங்களுக்கு ஏற்பவே விழித்தும் ஓய்ந்தும் இருந்தது. கூட்டமில்லாத குகையிலோ அதன் கடிகாரம் வெளியுலகின் 24 மணி நேரத்தோடு ஒட்டாமல் மெல்ல விலகிச் சென்றது. இவ்வாய்வு முடிவு 1981இல் வெளியானது. கதிரவனைக் காணாத வௌவால் தன் சுற்றத்தாரைக் கொண்டு நேரத்தைத் திருத்திக்கொள்கிறது என்பதே அதன் சாரம். அதே பல்கலைக்கழகத்தில், கடிகாரமும் பகலொளியும் இல்லாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் அவர்கள் ஆய்வு செய்தனர்.

பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், கண்நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கும் ஒரு சிறு நரம்பணுத் திரள் என்பது 1972இல் கண்டறியப்பட்டது. அக்கடிகாரம் உள்ளேயே இருந்தாலும் புறத்திலிருந்து ஒருவர் அதனை நாள்தோறும் திருத்த வேண்டியிருக்கிறது. உள்ளே உள்ள அறிவு தனித்து நின்றால் தவறிப்போகும் என்பது வௌவால் நமக்குச் சொல்லும் செய்தி.

இல்லாத விரலின் அரிப்பு

திண்ணையில் அமர்ந்திருந்த முதியவரிடம் மீண்டும் வருவோம். அவருடைய வலக்கையில் தேநீர் இருந்தது. இடக்கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். வெகுநேரம் சென்ற பின்னரே அதில் இரு விரல்கள் இல்லை என்பதைக் கண்டோம். நாம் கண்டதை அவரும் கண்டார். "போய் இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. இப்பவும் ராத்திரியில அந்த வெரலு அரிக்கும் பாய். சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது மெய். தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் ஆய்வு நிகழ்த்திய மருத்துவ அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் இத்தகைய 'மாய உறுப்பு' உணர்வை விளக்கினார். உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையின் புறணியில் ஓரிடம் உண்டு. கைக்குரிய இடத்துக்கு அண்டையில் இருப்பது முகத்துக்குரிய இடம். கை போன பின் அதற்குரிய நிலம் தரிசாகக் கிடப்பதில்லை. அண்டைப் பகுதியின் நரம்புச் செய்திகள் அங்கே குடியேறுகின்றன. கையிழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத கையைத் தொட்டதாக அவர்கள் உணர்ந்ததை 1990களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்டார். இருக்கும் கையின் பிம்பத்தை, இழந்த கையின் இடத்தில் காட்டும் எளிய கண்ணாடிப் பெட்டி ஒன்றால் சிலருடைய மாய வலியைத் தணிக்கவும் வழிகண்டார்.

வளர்ந்தோரின் மூளை மாறாது என்றிருந்த நம்பிக்கையைத் தகர்த்த ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. மூளை இழப்போடும் பழகுகிறது. ஆயினும், இழப்புக்குப் பின் பழகுவதைக் காட்டிலும் இழப்புக்கு முன் விழித்திருப்பதன்றோ சிறந்தது? அங்கேதான் மூளையின் எல்லை தெரிகிறது.

செவியின் எல்லையும் அச்சத்தின் எல்லையும்

பேரொலி எழும்போது நடுச்செவியிலுள்ள மிகச் சிறு தசையொன்று இறுகி உட்செவியைக் காக்க முயல்கிறது. அது இறுகுவதற்குச் சில பத்து மில்லி விநாடிகளேனும் ஆகும். வெடியோசையோ ஓரிரு மில்லி விநாடிகளுக்குள் உச்சத்தை எட்டிவிடுகிறது. காவலன் எழுமுன் கள்வன் வந்து போய்விடுகிறான். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் பறவைகளுக்கு அழிந்தால் மீண்டும் முளைக்கும் என்பது 1980களின் பிற்பகுதியில் நிறுவப்பட்டது. மனிதருக்கு அவை முளைப்பதில்லை. வெடியோசை பழகிப்போயிற்று என்று நாம் சொல்லும்போது, பழகியது மூளைதான், செவி அன்று. சில வேளைகளில் பழகியதாகத் தோன்றுவதே கேட்கும் திறன் குறைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். பட்டாசின் ஒலி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டலாகாது என 1999இல் விதி வகுக்கப்பட்டது இத்தகைய காரணங்களாலேயே.

அச்சத்துக்கும் இதுபோன்ற எல்லை உண்டு. ஆய்வுக்கூடத்தில் பிறந்து பாம்பையே கண்டிராத குரங்குகள், மற்றொரு குரங்கு பாம்பைக் கண்டு அஞ்சுவதைக் காணொளியில் பார்த்த அளவிலேயே தாமும் அஞ்சக் கற்றன. அதே குரங்கு ஒரு பூவைக் கண்டு அஞ்சுவதுபோல் படத்தைத் தொகுத்துக் காட்டியபோது, அவை பூவுக்கு அஞ்சக் கற்கவில்லை. 1980களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு இது. நெடுங்காலமாக உடன் வந்த ஆபத்துக்கு மூளையில் முன்னரே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வெடிமருந்துக்கு அத்தகைய இடம் ஏது? சீனத்தில் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் அறியப்பட்ட பொருள் அது. 1248இல் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், வெடியுப்பைச் 'சீனத்துப் பனி' எனக் குறித்தார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹஸன் அர்-ரம்மாஹ், மரச்சாம்பலைக் கொண்டு வெடியுப்பைத் தூய்மையாக்கும் முறையை எழுதிவைத்தார். மனித மூளையின் நெடிய வரலாற்றில் இவையெல்லாம் நேற்றைய செய்திகள். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த சாம்பல் நிறப் பொடியைக் காணும் கண், பாம்பைக் காணும் கண்போல் பதறுவதில்லை. அது மாவைப் போலத்தான் தோன்றுகிறது.

பழக்கம் மறைக்கும் ஆபத்து

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். வெடிமருந்துக்கு இயல்பான அச்சம் நமக்கு இல்லை. அனுபவத்தால் வரும் அச்சமோ அடிபட்டால்தான் வரும். ஒருவர் பத்தாயிரம் முறை மருந்து செலுத்துகிறார். பத்தாயிரம் முறையும் ஒன்றும் நிகழவில்லை. கடல் முயலின் நரம்பைப் போலவே அவருடைய நரம்பும் 'பொருட்படுத்தாதே' என்று எழுதிக்கொள்கிறது. இப்னுல் ஹைஸம் சொன்னவாறு செயல் விரைந்து, எளிதாகி, கண்ணுக்கு மறைந்தும் போகிறது. ஓர் உராய்வு, ஒரு மின்பொறி என நிகழும் அடுத்த முறையோ, கற்றுக்கொள்ள அவகாசம் தராத முறையாக அமைந்துவிடுகிறது. இது தொழிலாளியின் அறியாமையன்று, அலட்சியமுமன்று. எல்லா மனிதர்க்கும் பொதுவான மூளையின் இயற்கை. விபத்துக்குப் பின் தொழிலாளியின் கவனக்குறைவை மட்டுமே பேசுவது எவ்வளவு அநீதி என்பதும் இதனால் விளங்கும்.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். தீயைக் கண்டு உதவ ஓடியவர்களும் பார்க்கச் சென்றவர்களும் அவர்களுள் பலர். வெடியோசையோடு வளர்ந்த மக்கள்தாம் அவர்கள். துன்புறுவோரை நோக்கி ஓடுவது மனித இயல்பின் உயர்ந்த பண்பு. ஒரு வெடிப்பின் பின்னே அதனினும் பெரியது காத்திருக்கும் என்பதை அவர்களுடைய அன்றாட அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருக்கவில்லை.

எழுதிவைத்த அச்சம்

அவ்வாறாயின் மனிதன் செய்யத்தக்கது யாது? 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், மனிதன் தன் பழக்கங்களின் பிள்ளை என்பதை வலியுறுத்தினார். விலங்குகளுக்குக் கொம்பும் நகமும் தடித்த தோலும் தற்காப்பாக அமைந்தன. மனிதனுக்கோ சிந்தனையும் அதற்கு ஏவல் செய்யும் கையும் வழங்கப்பட்டன என்றும் அவர் எழுதினார். சிவகாசி வட்டாரமே இதற்குச் சான்று. மழை பொய்த்த கரிசல் மண்ணில் வேளாண்மை நலிந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து 1923இல் இங்கே தொடங்கினர். பயிருக்குப் பகையான வறண்ட காற்று தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் நட்பாயிற்று. சூழலோடு இசைவதென்பது மனிதனிடத்தில் இத்தகைய உயரத்தை எட்டுகிறது.

அதே சிந்தனை தன் மூளையின் குறையையும் அறிந்து ஈடுசெய்ய வல்லது. அறை ஒன்றில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும், மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், இரும்புக் கருவி கூடாது என்னும் விதிகள் ஒவ்வொன்றும் எங்கோ, எவரோ உயிர் கொடுத்துக் கற்ற பாடம். நரம்பில் எழுதப்படாத அச்சத்தை மனிதன் தாளில் எழுதிவைத்தான். அதுவே விதி. விதியை மீறிக் கூடுதல் ஆட்களை அமர்த்தும் முதலாளி, தொழிலாளிக்கு மூளை தராத பாதுகாப்பை மட்டுமன்றி முன்னோர் தந்த பாதுகாப்பையும் பறிக்கிறார்.

பிற உயிர்க்காகவும் இவ்வாறு சிந்திக்க முடியும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடுகட்டும் நாரைகளும் கொக்குகளும் மிரண்டு போகாதிருக்கத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. விஸ்வநத்தத்துக் காக்கை ஆண்டெல்லாம் ஓசையோடு வாழ்ந்து பழகியது. பருவத்துக்கு மட்டும் வந்து கூடுகட்டும் பறவை பழக அவகாசம் ஏது? பறவையால் இயலாத இசைவைப் பறவைக்காக மனிதர் மேற்கொண்டனர்.

விடைபெறும்போது முதியவரிடம், விரல்களை இழந்தது எப்படி என்று வினவினோம். சற்று நேரம் பேசாதிருந்தார். "மொத வருசம் பயந்து பயந்து செஞ்சேன், ஒண்ணும் ஆகல. பழகிட்டோம்னு நெனச்சேன். அன்னைக்கு வெயிலு ஏறிடுச்சு, நிறுத்தியிருக்கணும். நிறுத்தல" என்றார். பின்னர், தம் பேரனைச் சுட்டிக்காட்டி, "இவனுக்கு அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

கூண்டு வௌவாலின் கடிகாரத்தை அதன் சுற்றம் திருத்துவதுபோல், பழகிப்போன மூளையைத் திருத்தச் சுற்றத்தாரின் குரல் வேண்டும். அவ்வட்டாரத்துப் பள்ளிகளில் நிகழ்ந்த விபத்துகளின் வரலாறு முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். முதியவர் ஒரு பேரனுக்குச் சொல்வதை எல்லாப் பிள்ளைகளும் கேட்கட்டும்.